பல்லைப் பிடித்துப் பார்!

நாஞ்சில் நாட்டில் உழவு மாடு வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலை பேச மாட்டார்கள். பல்லைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நாலடி நடக்க விட்டுப் பார்ப்பார்கள். அப்புறம்தான் 'கொள்ளாம்' என்று வாயைத் திறப்பார்கள்.

லேப்டாப் வாங்கும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ! கம்பெனி பெயர், கலர், தள்ளுபடி. தீர்ந்தது. விண்டோஸோடு வந்ததை விண்டோஸிலேயே ஓட்டுவதானால் பரவாயில்லை. லினக்ஸ் போட வேண்டுமென்றால் சங்கதி வேறு. வைஃபை வராது. ஒலி கேட்காது. மூடித் திறந்தால் தூக்கம் கலையாது. பழி லினக்ஸ் மேல். உண்மையான குற்றவாளி வேறு ஆள்.

அந்த ஆளைப் பிடிக்க 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு ஜெராக்ஸ் பிரிண்டர். அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி புரோகிராமைத் திருத்தலாமே என்று நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். அந்தப் புரோகிராமின் மூலத்தை வைத்திருந்தவர் தர முடியாது என்று சொல்லிவிட்டார். ரகசிய ஒப்பந்தமாம். அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983-ல் க்னூ திட்டமாக வெடித்தது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் அதோடு சேர்ந்தது. ஆச்சா?

சிஸ்டம் கிடைத்துவிட்டது. பிரிண்டர் பிரச்னை? அது அப்படியே இருந்தது. ஒவ்வொரு உதிரிபாகத்தோடும் பேசுவதற்கு ஒரு பாஷை வேண்டும். டிரைவர் என்பார்கள். அந்தப் பாஷை, தயாரித்த கம்பெனிக்குத்தான் தெரியும். அது விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், லினக்ஸ்காரர் என்ன செய்வார்? டயல்-அப் காலத்தில் 'வின்மோடம்' என்று ஒரு மலிவுச் சரக்கு வந்தது. பாதி வேலையை விண்டோஸ் தலையில் கட்டிவிடும். லினக்ஸில் அது வெறும் தகடு. பிராட்காம் வைஃபைக்காக, விண்டோஸ் டிரைவரின் வயிற்றைக் கிழித்து வேண்டியதை எடுத்துப் போட்டவர்கள் உண்டு. 2010-ல்தான் அந்தக் கம்பெனி மனமிரங்கித் தன் புதிய வைஃபை சிப்களுக்கான டிரைவரைத் திறந்து கொடுத்தது. இன்டெல் 2004-லேயே வழிக்கு வந்திருந்தது. கிராபிக்ஸில் என்விடியா செய்த பாட்டுக்கு, 2012-ல் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே நடுவிரலைக் காட்டினார். அவர்களும் 2022-ல் கொஞ்சம் திறந்தார்கள்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். 2001 ஜூலையில் ஸ்டால்மனே வந்து இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணிநேர பஸ் பயணம்தான். கேரளப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. 2019-ல் அங்கே சொன்ன கணக்கு: 2 லட்சத்துக்கும் மேல் கம்ப்யூட்டர்கள், மிச்சம் 3,000 கோடி ரூபாய். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேராமல் இருந்திருந்தால், களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில்தான் படித்திருப்பார்கள்.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாகத்தில் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே வருஷம் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸைக் கொண்டுவந்தது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸும் ஏறி வந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்கு அரசாங்கமே பல்லைப் பார்த்துக் கொடுத்துவிட்டது! பாஸ் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டால், அது ஓடுகிற மெஷினைத்தானே கம்பெனி கொடுத்தாக வேண்டும்? லட்சக்கணக்கில் வாங்குகிறவன் சொல்லுக்கு அந்த மரியாதை. 2025 பட்ஜெட்டில் மறுபடி 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஒற்றை லேப்டாப் வாங்குகிறவருக்கு டெண்டர் கிடையாது. பெரிய வாடிக்கையாளர் ஏற்கெனவே பல் பார்த்த மாட்டை வாங்குவதே புத்திசாலித்தனம். அதே மாடலைக் கம்பெனியே லினக்ஸ் போட்டு விற்கிறதா? டெல் 2007-லிருந்து சில மாடல்களை அப்படி விற்கிறது. ஐ.பி.எம். 1992-ல் கொண்டுவந்து, 2005-ல் லெனோவோ கைக்குப் போன திங்க்பேட் இன்னொன்று. லினக்ஸ் எழுதுகிறவர்கள் பலர் மடியில் அதுதான். கோளாறு வந்தால் முதலில் அவர்களுக்கு வரும், அவர்களே சரி செய்துவிடுவார்கள். ஆபீஸ்களில் ஓடித் தேய்ந்த பழைய திங்க்பேட்கூட, மினுமினுக்கும் புதுசை விடத் தேவலை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் ஆதரவு நின்றதால் ஒதுக்கப்படும் மெஷின்களிலும் நல்ல ஜாதி உண்டு.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று பையில் இருக்கட்டும். எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓடும். வைஃபை, ஒலி, கேமரா பாருங்கள். மூடித் திறந்து பாருங்கள். பத்து நிமிஷம் போதும். கடைக்காரர் சம்மதிக்கவில்லையா? நடக்க விட்டுக் காட்டாத மாட்டுக்கு யார் முன்பணம் கொடுப்பார்கள்?