தராசில் ஏறாத கீரை

இலங்கையின் மலையகத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் அரிசியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அரிசி கணக்கில் இருந்தது என்பதே காரணம். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியைத் தோட்டம் வாங்கி, தொழிலாளர்களுக்கு அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழும் நாட்கூலியும் அரிசியின் விலையும் சேர்த்தே பேசப்பட்டன. ஆனால் அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று செக்ரோல் எனப்பட்ட எந்தச் சம்பளப் பதிவேடும் சொல்லாது. தேயிலைச் செடிகளின் இடுக்கிலும் கான் எனப்படும் வடிகால் ஓரத்திலும் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் பின்பக்கத்து ஈர நிலத்திலும் தானாக முளைத்த வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி, குப்பைக்கீரை, புளியாரை ஆகியவைதான் அது. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரையுள்ள தோட்டங்களில், தோட்டம் அளக்காத, விலை போடாத, சம்பளத்தில் பிடிக்காத உணவு ஏறத்தாழ இது ஒன்றுதான். இதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்த்துக் கடந்துபோவது தவறு என்பது என் கருத்து. கீரை எப்படி மிஞ்சியது, எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், தோட்டம் தன் நிலத்தை எப்படி ஆண்டது என்பதே தெரியவரும்.

முதலில் நிலம். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் விட்டுவந்த ஊர்களில் கீரை முளைக்கப் பொது இடம் இருந்தது. கண்மாய்க் கரை, வயல் வரப்பு, புறம்போக்கு என்று யாரையும் கேட்காமல் பறிக்க இடமிருந்தது. வந்து சேர்ந்த மலையில் அப்படி எதுவும் இல்லை. முடிக்குரிய காணிகள் பற்றிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாகக் கொண்டது. கண்டிச் சீமையின் கிராமத்தவர்கள் சேனையும் காடும் இழந்தார்கள். அந்தக் காணிகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் இலைத்துரு நோய் கண்ட பிறகு கோப்பி அழிந்து, அதே காணிகளில் தேயிலை ஏறியது. லயத்துக் காம்பராவில் குடியிருந்தவருக்கு வாசற்படியைத் தாண்டிய மண் ஒவ்வொரு சாணும் கம்பனிக்குச் சொந்தம். அப்படியானால் கீரை எப்படி அவருடையதாயிற்று? தோட்டம் அதைக் களை என்று எழுதியதால்தான். விறகுக்கு ஒரு கிளையை முறித்தால் கேள்வி வரும், களையைப் பிடுங்கினால் வராது. சொத்தாகக் கருதப்படாத ஒரே தாவரம் என்பதால் அது தொழிலாளியின் கைக்கு வந்தது.

எல்லா அறிவும் அந்த மலையில் செல்லுபடியாகவில்லை. முருங்கையும் புளியமரமும் வெயில் நிலத்து மரங்கள். ஹட்டன் ஏறத்தாழ 4000 அடி, நுவரெலியா 6000 அடிக்கு மேல். சமவெளியிலிருந்து வந்தவர்களின் கீரைப் பட்டியலில் பாதி அந்தக் குளிரில் பயன்படவில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி, புளியாரை போன்ற மீதிப் பாதி, சொந்த ஊரில் வைத்த பெயரோடேயே புதிய மலையில் கிடைத்தது. எந்த இலை சோற்றுக்கு, எந்த இலை ஆட்டுக்கு என்று தரம்பிரித்தவர்கள் பெண்கள். அதற்கான ஆதாரம் அவர்களது வேலையிலேயே இருக்கிறது. நாள் முழுக்கச் செடி வரிசைக்குள் நிற்பவர்கள், எந்த மலையில் எந்தக் கான் ஓரத்தில் எது துளிர்த்திருக்கிறது என்று அறிந்தவர்கள் அவர்களே. கொழுந்துக் கூடைக்குள் வேறு இலை கிடக்கக் கூடாது. ஆகவே கீரை போன இடம் மடி, இடுப்பில் கட்டிய படங்கின் மடிப்பு. கொழுந்து தராசில் ஏறியது. மடியிலிருந்தது ஏறவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அக்காலத் துரைமாருக்குத் தரை துடைத்தாற்போல் இருக்க வேண்டும், மாதந்தோறும் சொரண்டியால் மண்ணைச் சுரண்டிப் புல்லெடுத்தார்கள், அப்படியிருக்கக் கீரைக்கு எங்கே இடம்? சுத்தக் களையெடுப்பு என்ற அந்த வழக்கம் இருந்தது உண்மை. அதனால் மழையோடு மேல்மண் ஆற்றுக்குப் போனதும் உண்மை. மண்ணரிப்பை ஆராய அரசு நியமித்த குழு 1931இல் அறிக்கை கொடுக்கும் நிலை வந்தது அதனால்தான். ஆனால் சொரண்டி கையால் பிடிக்கும் கருவி. வேரை அது முழுக்கக் கொல்லாது. வல்லாரை தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி, ஒரு துண்டு தப்பினால் போதும். மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் கிளறிய மண்ணில்தான் செழிப்பாக முளைக்கும். சுரண்டச் சுரண்ட இளந்தளிர் வந்தது, சமையலுக்கு வேண்டியதும் அந்த இளந்தளிர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, களையெடுக்கக் கூலி வாங்கியவரும் மாலையில் அதைச் சமைத்தவரும் ஒரே வீட்டுக்காரர். பிடுங்குவதும் பறிப்பதும் ஒரே கையின் வேலையாக இருந்த காலம்வரை கீரை அழியவில்லை.

சமையலில் இன்னொரு சான்று கிடைக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் கீரை வேகும், பூண்டு தட்டிப் போட்டுக் கடையப்படும், காய்ந்த மிளகாய் தாளித்து இறங்கும். மணத்தக்காளியை மலையகம் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறது. அதன் மெல்லிய கசப்புக்குப் பூண்டு பொருந்தும். வல்லாரைக்கு வந்தால் கை மாறுகிறது. கழுவி நீர் வடித்து, கூர்க்கத்தியால் மயிர்போல் அரிந்து, துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, தேசிக்காய் பிழிந்து பச்சையாகவே பிசைந்தால் வல்லாரைச் சம்பல். மழுங்கிய கத்தியால் அரிந்தால் இலை நசுங்கிக் கறுத்துவிடும், முன்கூட்டியே தேசிக்காய் விட்டால் பச்சை நிறம் போய்விடும். கசங்காத இலையில் தேங்காயின் இனிப்பும் புளிப்பும் தனித்தனியே தெரியும். கைப்பிடி மாசிக் கருவாடும் சேர்ந்தால் சூடான ரொட்டிக்கு வேறொன்றும் வேண்டாம். இந்தப் பக்குவம் சிங்களக் கிராமத்துச் சமையலோடு உறவுடையது. ஒரே அடுப்படியில் இரண்டு முறையும் இருப்பது, லயமும் கிராமமும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன என்ற பேச்சை மறுக்கிறது. புளியாரையோ ரசத்திலும் துவையலிலும், காசு கொடுத்து வாங்க வேண்டிய புளியின் இடத்தைப் பிடித்தது.

கீரை பறிப்பது பஞ்சத்தின் வேலை, அதைப் பெருமையாகப் பேசுவது பட்டினியை அழகுபடுத்துவது என்பது கனமான மறுப்பு. தமிழிலேயே அதற்குப் பழைய சாட்சி உண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். மலையகத்தின் சாட்சி அண்மைக் காலத்தது. 1973, 1974 ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீட்டு அரிசி குறைந்து, பாணுக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, விளைநிலம் இல்லாத தோட்டமக்களே முதலில் விழுந்தார்கள். தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. அப்போது இலையையும் கிழங்கையும் அவித்துத் தின்று பிழைத்தவர்களுக்குக் கீரை என்ற சொல்லே கசப்பதில் வியப்பில்லை. அந்தக் கசப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுபாணாற்றுப்படையின் பெண் நாணியது கீரைக்காக அல்ல, உப்புகூட இல்லாத வீட்டுக்காக. தோட்டத்திலும் குற்றம் சோற்றைக் குறைத்தவர்களுடையது. பஞ்சம் வந்த பிறகு யாரும் கீரையைக் கற்றுக்கொள்ள முடியாது. தெரிந்திருந்ததனால்தான் அது கைகொடுத்தது. ஐரோப்பாவில் வசந்தம் பிறந்ததும் காட்டுப்பூண்டின் இலையைத் தேடிக் காட்டுக்குப் போகிறார்கள். வயிறு நிறைந்தவர்கள் பறித்தால் அது ருசி, லயத்துப் பெண் பறித்தால் இல்லாமை என்ற கணக்கை நாமும் ஏற்க வேண்டியதில்லை.

கீரை இவ்வளவு கிடைத்தும் ஊட்டம் ஏன் இல்லை என்றும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடளவில் ஏறத்தாழ 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். கீரையால் இதை ஈடுகட்ட முடியாது. பாலும் முட்டையும் மீனும் வாங்கப் போதிய சம்பளம் வேண்டும். கீரையைக் காட்டிச் சம்பளக் கோரிக்கையைத் தணிக்க யாராவது முயன்றால் அது அநியாயம். கீரை சோற்றுக்குத் துணைதான். அந்தத் துணையும் போய்விட்டால் தட்டில் மாவு மட்டும் மிஞ்சும்.

அது போய்க்கொண்டிருக்கிறது. வசதி வந்து கீரையை விரட்டவில்லை, விரட்டியது களைகொல்லி மருந்து. 1960களிலிருந்து கிராமொக்சோனும் பின்னர் கிளைபோசேற்றும் வந்தபோது சொரண்டியின் வேலை குறைந்தது. முதுகில் தொட்டியைச் சுமந்த ஓர் ஆள் ஒரு மலை முழுவதையும் முடித்துவிடலாம். சொரண்டியிடம் தப்பிய வேர் கிளைபோசேற்றிடம் தப்பவில்லை. அதைவிடப் பெரிய சேதம் நம்பிக்கைக்கு. எந்த வரிசைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்று தெரியாத இடத்தில் எந்தத் தாயும் பிள்ளைக்குக் கீரை பறிக்க மாட்டாள். கிளைபோசேற்றுக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் திடீரென நிறுத்தப்பட்டு, அதே ஆண்டிலேயே அந்தத் தடையும் விலக்கப்பட்டது. இந்த வாதங்களில் விளைச்சல் பேசப்பட்டது, ஏற்றுமதி பேசப்பட்டது, சிறுநீரக நோய் பேசப்பட்டது. தேயிலைக்குள் ஒரு சமூகம் கீரை பறித்து உண்கிறது என்பது பேச்சிலேயே இல்லை. எழுதி வைக்காததை இழப்பென்று யாரும் எண்ணவில்லை.

ஆகவே இரண்டு காரியம் கேட்கிறேன். தோட்ட நிர்வாகங்கள் லயங்களைச் சுற்றியும் ஊற்று, கான் ஓரங்களிலும் மருந்தடிக்காமல் ஒரு கீற்று நிலத்தை விட்டு, அதை எல்லாருக்கும் தெரியும்படி அடையாளமிட வேண்டும். மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் இந்த வருடமே பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வீட்டிலுள்ள அப்பாயியிடமும் அம்மாயியிடமும் அவர்கள் பறித்த கீரைகளின் பெயர், பறித்த இடம், சமைத்த விதம் ஆகியவற்றைக் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். பஞ்சக் காலத்தில் கொழுந்தெடுத்த பெண்களில் பெரும்பாலோருக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது.