ஸ்மார்ட்போனின் ஆயுளும் மென்பொருள் ஆதரவும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு சாதனத்தின் ஆயுளை அதன் தேய்மானமே நிர்ணயிக்கும் என்பது வர்த்தக உலகின் நெடுங்கால நியதி. ஸ்மார்ட்போனின் வருகைக்குப் பின்னரோ, திரையும் மின்கலமும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே, இயங்குதளத்துக்கு வரவேண்டிய பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடுவதாலும், செயலிகள் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்பைக் கைவிடுவதாலும், நல்ல கருவியும் காலாவதியாகிவிடும் புதியதொரு நிலைமை தோன்றியது. தயாரிப்பாளரின் அனுக்கிரகமாகத் தொடங்கிய மென்பொருள் ஆதரவு, வர்த்தக வாக்குறுதியாகி, பின்னர் சட்டத்தின் கவனத்துக்கு வந்த வரலாற்றை ஆராய்வதும், அதற்குக் கூறப்பட்ட தடைகளில் எவை தொழில்நுட்பத்தின்பாற்பட்டவை, எவை பொருளாதாரத்தின்பாற்பட்டவை என்று பிரித்தறிவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரம்பத்திலேயே இரு மரபுகள் பிரிந்தன. 2007இல் ஐபோனை வெளியிட்ட ஆப்பிள் நிறுவனம் கருவியையும் இயங்குதளத்தையும் ஒருசேரத் தன் ஆதீனத்தில் வைத்துக்கொண்டமையால், 2013இல் ஐஓஎஸ் 7 உடன் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ், ஐஓஎஸ் 12 வரை முன்னேறியதோடு, 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பெற்றது. 2008இல் முதல் கருவியைக் கண்ட ஆண்ட்ராய்டின் கதி வேறு. கூகுள் உருவாக்கிய புதிய பதிப்பு, சிப் தயாரிப்பாளரிடம் அந்தச் சிப்புக்குரிய டிரைவர் மென்பொருளைப் பெற்று, கைப்பேசித் தயாரிப்பாளர் செய்யும் மாற்றங்களையும், சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனம் நடத்தும் சோதனைகளையும் கடந்த பிறகே, வாங்கியவர் கைக்கு வந்து சேரும். இந்நால்வரில் ஒருவர் விலகினாலும் கருவியின் வளர்ச்சி அங்கேயே தடைப்பட்டுவிடும்.

2011 மே மாதம் கூகுளும் முக்கியத் தயாரிப்பாளர்களும் கூடி, புதிய கருவிகளுக்கு 18 மாத காலம் புதுப்பிப்புகள் தருவதாக அறிவித்தனர். கட்டுப்படுத்துவார் இன்மையால் அவ்வாக்குறுதி விரைவில் மங்கிப்போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் கூகுளின் நெக்ஸஸ் வரிசையிலேயே வெளிவந்த கேலக்ஸி நெக்ஸஸுக்குக்கூட, 18 மாத வரம்பு கடந்துவிட்டதென்று காரணம் கூறி, 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 மறுக்கப்பட்டது. அதன் சிப்பைத் தயாரித்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமோ முந்தைய ஆண்டிலேயே கைப்பேசிச் சிப் வர்த்தகத்திலிருந்து விலகத் தொடங்கியிருந்தது.

2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃப்ரைட் என்னும் குறைபாடு வெளிப்பட்டு, ஒரு பல்லூடகச் செய்தியை அனுப்பியே பிறர் கைப்பேசிக்குள் ஊடுருவக்கூடும் என்பது நிரூபணமானபோது, புதுப்பிப்பு என்பது புதுவசதிகளை நாடுவோரின் விருப்பமன்று, பொதுஜனப் பாதுகாப்பின் அவசியம் என்னும் உண்மை எல்லோருக்கும் விளங்கியது. மறுமாதமே கூகுள் மாதாந்தரத் திருத்தங்களைத் தொடங்கியது. 2017இல் வந்த டிரெபிள் திட்டம், சிப் சார்ந்த பகுதியை இயங்குதளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து, தயாரிப்பாளரின் சுமையைக் குறைக்க முயன்றது.

தடையின் மெய்த்தன்மையைச் சோதித்தறிய நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனத்தின் அனுபவம் சிறந்த ஆதாரமாகும். நெடுநாள் உழைக்கும் கைப்பேசியை இலட்சியமாகக் கொண்டு 2013இல் அது வெளியிட்ட முதற்கருவி, மீடியாடெக் சிப்பைச் சார்ந்திருந்தமையால், ஆண்ட்ராய்டு 4.2ஐத் தாண்ட இயலாமலே 2017இல் ஆதரவை இழந்தது. 2015 டிசம்பரில் வந்த ஃபேர்ஃபோன் 2, ஆண்ட்ராய்டு 5 உடன் பிறந்தது. அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 7க்கான ஆதரவை அதன் தயாரிப்பாளரான குவால்காம் அளிக்கவில்லை. எனினும் அச்சிறு நிறுவனம் தானே அப்பணியை மேற்கொண்டு, கூகுளின் லட்சக்கணக்கான சோதனைகளைக் கடந்து 2018இல் ஆண்ட்ராய்டு 7ஐயும், ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ் இயங்குதளத்தின் தன்னார்வலர் சமூகத்தின் உழைப்பைத் துணைக்கொண்டு 2021இல் ஆண்ட்ராய்டு 9ஐயும், அதன்பின் 10ஐயும் வழங்கி, 2023 மார்ச் வரை, ஏழாண்டுகளுக்கு மேல் அக்கருவியைக் காத்தது. முடியாதென்று கருதப்பட்டது உண்மையில் செலவழிக்க மனமில்லாததே என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

சட்டத்தின் பாதை மெதுவானது. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கமான கன்சுமென்டன்பாண்ட், புதுப்பிப்புகள் வழங்கக் கோரிச் சாம்சங் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், வருங்காலச் செயல்களைப் பற்றியது என்று கூறி ஹேக் நகர நீதிமன்றம் 2018இல் கோரிக்கையை ஏற்க மறுத்தது. ஆயினும் 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில் பாதுகாப்புத் திருத்தங்களின் குறைந்தபட்சக் காலத்தை வெளிப்படையாக அறிவிப்பது கட்டாயமாயிற்று. 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, ஒரு மாதிரியின் விற்பனை நின்றபின் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்கிறது. இதற்கிடையே கூகுளின் பிக்ஸல் 8 (2023), சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள் ஆதரவு அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் குவால்காமும் தன் உயர்தரச் சிப்புகளுக்கு 8 ஆண்டுகள் வரை துணைநிற்க முன்வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு இது: முடிச்சு தொடக்கமுதல் சிப் தயாரிப்பாளரிடத்தில் இருக்க, சட்டம் பெரும்பாலும் கைப்பேசித் தயாரிப்பாளரையே நோக்கிப் பேசிவருகிறது. ஐரோப்பிய விதியிலும், தயாரிப்பாளர் புதுப்பிப்புகளை வழங்கும் பட்சத்தில் என்னும் நிபந்தனை ஒன்று உள்ளமையால், வழங்காதே விடுவோர் தப்பித்துக்கொள்ள இடமுண்டு. நீண்ட ஆதரவு உயர்விலைக் கருவிகளிலேயே முதலில் வேரூன்ற, ஒரே கைப்பேசியைப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய ஏழைக்கு வாய்க்கும் மலிவுக் கருவியே முதலில் கைவிடப்படுகிறது. ஆதலின், அந்நிபந்தனையை நீக்குவதும், கடமையைச் சிப் தயாரிப்பாளருக்கும் விரிப்பதும், ஆதரவு முடியும் தேதியை விலையின் அருகிலேயே அச்சிடச் செய்வதுமே நியாயத்தின் அடுத்த படிகளாகும்.