கிணற்றில் இறங்கிய பெட்ரோல்

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுறவங்களுக்குத் தண்ணிதான் பாதி வேலை. கிணறு மாறினா நிறமும் மாறும். அதனால நிலத்தடி நீர்க் கதைகளை என்னால சும்மா படிச்சுட்டுப் போக முடியறதில்லை.

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் போர் தண்ணியில் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போற குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எண்ணெய் தண்ணீர்மேல் மிதக்கும், உறிஞ்சி எடுக்கலாம். கரைஞ்சு போறதுதான் தொல்லை.

அதில் பேர்போனது எம்.டி.பி.இ. ஈயத்தைக் குறைக்கப்போன அமெரிக்கா 1979 முதல் பெட்ரோலில் இதைக் கலந்தது. காற்றுக்கு நல்லதுன்னு 1990களில் அளவு இன்னும் கூடியது. (காற்றைப் பார்த்தாங்க, கிணற்றைப் பார்க்கல.) இது மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடவே ஓடும், நுண்ணுயிரிகளும் லேசில் தின்னாது. 1996-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரம் கிணறுகளை மூடியது. ஊர்த் தண்ணீரில் பாதி போச்சு. இறைத்து, கரியில் வடிகட்டி, அதே கிணறுகள் மறுபடி ஊருக்கு உதவ 14 வருஷத்துக்கு மேல ஆச்சு. செலவில் பெரும்பங்கு எண்ணெய்க் கம்பெனிகள் தலையில் விழுந்தது.

இந்தியா 2000-ல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. இங்கேயும் எம்.டி.பி.இ கலக்க அனுமதி உண்டு. ஆனா குடிநீர்த் தரத்துக்கான ஐ.எஸ். 10500 பட்டியலில் அதன் பேரே இல்லை. ஆரணியில் போர் தண்ணியைச் சோதிக்கக் கொடுத்தாலும் வழக்கமான ரிப்போர்ட்டில் அது வராது.