ஆடற்சொற்களின் அடிச்சுவடு

ஆடல்வல்லானுக்குத் தமிழகத்தில் ஐந்து சபைகள் உண்டு என்பது சைவ மரபு. திருவாலங்காட்டில் இரத்தின சபை, தில்லையில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, நெல்லையில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை என அவை வழங்கப்பெறும். இவ்வைந்தனுள் ஒன்று தாமிரபரணிக் கரை நகரிலும், மற்றொன்று அதன் துணையாறான சிற்றாறு அருவியாய் விழும் குற்றாலத்திலும் அமைந்துள்ளன. ஆடற்கலைக்கு இத்துணை அணுக்கமான நிலத்தில் நாம் வாழ்கிறோம். இன்று நம் இல்லப் பிள்ளைகளும் சலங்கை கட்டி ஆடுகின்றனர். அரங்கேற்ற அழைப்பிதழ்கள் நம் வீடுகளுக்கும் வருகின்றன. அவற்றில் அச்சிடப்பெற்றுள்ள சொற்கள் எங்கிருந்து வந்தன, யார் வாயிலிருந்து வந்தன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மேலைநாட்டுப் பாலே நடனத்தை முதலில் நோக்குவோம். பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி 1661இல் அரச நடனக் கழகம் ஒன்றை நிறுவினார். அவர்தம் நடன ஆசிரியரான பியேர் பொஷான் பாதங்களின் ஐந்து நிலைகளை வரையறுத்தார் என்பர். அன்று முதல் பாலேயின் சொற்கள் பிரெஞ்சு மொழியிலேயே நிலைபெற்றன. உருசியாவிலும் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் ஆசிரியர் அச்சொற்களையே கூறுகிறார். பிற நாட்டார் செவிக்கு அவை ஏதோ மந்திரம் போல ஒலிக்கும். ஆயின், ‘பிளியே’ என்றால் மடக்கியது; ‘ழெத்தே’ என்றால் எறிந்தது; ‘பா த ஷா’ என்றால் பூனையின் அடி. அவ்வளவே! பிரான்சின் அடுக்களையிலும் தெருவிலும் வழங்கும் எளிய சொற்கள்தாம் உலக அரங்குகளில் கலைச்சொற்களாயின.

நம் பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுக்கு அடவு என்று பெயர். தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டடவு, சறுக்கடவு, மண்டியடவு என அவற்றின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். பாதத்தால் நிலத்தைத் தட்டுவது தட்டு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுவது நாட்டு. வயலில் நாற்றையும் பந்தலில் காலையும் நடுகின்ற அதே சொல்தான். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அடிப்படை நிலை அரைமண்டி; பாலேயின் ‘பிளியே’க்கு இது நெருங்கிய உறவு. ஆலயத்தில் மண்டியிட்டுச் செபிக்கும் நமக்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று அங்கே தெலுங்கும் வடமொழியும் இந்துஸ்தானியும் கலந்து நிற்கின்றன. இவ்வேறுபாடு வரலாற்றின் தடம். தஞ்சையை நாயக்கரும் பின்னர் மராத்தியரும் ஆண்டனர். அரசவையின் இசைமொழி தெலுங்காயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் அந்நிரலை ஒழுங்கு செய்தனர். அவர்களின் இசையாசான் முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் நம் பக்கத்து எட்டயபுரத்திலேயே. அரசவைக்கு முன் நின்ற பாடல்வகைகள் அரசவையின் மொழியில் பெயர் பெற்றன. பயிற்சித் தரையில் வியர்வை சிந்திய பாதங்களோ தமிழிலேயே எண்ணின. ஒரு கலையின் சொற்களை உற்று நோக்கினால், அதை யார் புரந்தார், யார் உழைத்தார் என்ற இரண்டும் புலப்படும்.

நம் பள்ளத்தாக்கும் ஆடலுக்கு ஒரு சொல்லை ஈந்துள்ளது. அதுவே குறவஞ்சி. மலைக்குறத்தி குறி சொல்லும் இந்நாடக வகையைத் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி புகழின் உச்சிக்கு உயர்த்தியது. எளிய குறத்தியின் வாய்மொழி அதில் ஆடலாயிற்று. நெல்லையில் 1774இல் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் கல்வி கற்ற சீர்திருத்தச் சபைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், அவ்வடிவிலேயே பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அதில் தலைவி திருச்சபை; தலைவர் பெத்லகேம் நாதர்; குறி சொல்லும் குறத்தியோ விசுவாசம். ஊரார் தாழ்வாகக் கருதிய ஒருத்தியின் வாயிலேயே நற்செய்தியை வைத்த துணிவு வியத்தற்குரியது. பிற்காலத்தில், 1936இல் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மணி தேவி, 1944இல் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். அவர் பாலேயும் பயின்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, துயரம் தரும் ஒரு சொல்லுக்கு வருவோம். கோயிலில் ஆடிய பெண்களைத் தேவரடியார் என்றழைத்தனர். இறைவனின் அடிமை என்பது பொருள். அன்னை மரியாவும் தம்மைக் குறித்து மொழிந்த சொல் அதுவன்றோ! இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு பெண்டிரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் வீடும் நெற்பங்கும் அளித்து, அவர்தம் பெயர்களைக் கல்லிலும் பொறித்தான். காலப்போக்கில் ஆதரவு குன்றியது, சுரண்டல் பெருகியது. ஒருகாலத்து மதிப்புக்குரிய அப்பெயர் தெருச்சண்டையின் வசைமொழியாயிற்று.

போர்த்துக்கீசர் இப்பெண்களை ‘ஆடுபவள்’ என்னும் பொருளில் ‘பைலதெய்ரா’ என்றனர். பாலே என்ற சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே. பிரெஞ்சுக்காரர் நாவில் அது ‘பயதேர்’ ஆயிற்று. புதுவைக்கு அண்மையிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து சில ஆடற்பெண்டிர் 1838இல் பாரிசு சென்று ஆடினர். 1877இல் உருசியாவில் ‘லா பயதேர்’ என்ற பாலேயே அரங்கேறியது. அயலார் மேடையில் அவர்கள் பெயர் புகழ்பெற்றது. சொந்த மண்ணில் அது சிறுமையுற்றது.

இம்முறையின் கொடுமையை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அது நீதியின் செயல், ஐயமில்லை. அதற்கு முன்பே, 1930களில், ‘சதிர்’ என்ற பழம்பெயர் நீங்கிப் ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் நிலைபெறலாயிற்று. கலை அவையேறியது, அதைக் காத்த குடும்பத்துப் பெண்களுள் பாலசரசுவதி போன்ற மிகச் சிலர் தவிர, ஏனையோர் மேடையினின்று மறைந்தனர். சட்டம் விலங்கை உடைத்தது. ஆனால் கலையை வளர்த்தவர்க்குரிய நன்றியைச் சமூகம் செலுத்தவில்லை.

நம் திருச்சபையும் இக்கலையை அரவணைத்துள்ளது. திருச்சியில் 1977இல் தோன்றிய கலைக்காவிரி கிறிஸ்தவப் பொருண்மைகளைப் பரதத்தில் ஆடச் செய்தது. காணிக்கைப் பவனியில் நம் சிறுமியர் அரைமண்டியில் நிற்கும்போது நாம் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சியோடு ஒரு கடமையும் உண்டு. அடவுகளைக் கற்கும் பிள்ளைக்கு அச்சொற்களின் பொருளைச் சொல்லுவோம். அவற்றைத் தலைமுறை தலைமுறையாய்த் தம் பாதங்களில் காத்தவர் யாவர் என்பதையும் சொல்லுவோம். தேவரடியார் என்ற சொல் நம் இல்லங்களில் வசையாக ஒலிக்காதிருக்கட்டும். பிறர் விதைத்ததை அறுவடை செய்வோர், விதைத்தவரை மறவாதிருத்தலே அறம்.