முத்து, எச்சம், முட்டை: கலிபோர்னியா வளைகுடாத் தீவுகளின் கதை

மெக்சிகோவின் வடமேற்கில், பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்கும் சொனோரா, சினலோவா மாநிலக் கரைகளுக்கும் நடுவே சுமார் 1,100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது கலிபோர்னியா வளைகுடா. கோர்த்தேஸ் கடல் என்றும் இதற்குப் பெயர் உண்டு. பெரிதும் சிறிதுமாக இதில் நூற்றுக்கணக்கான தீவுகள். சுற்றியுள்ள கரையே பாலைவனம்; தீவுகளில் வறட்சி இன்னும் கடுமை. பெரும்பாலானவற்றில் குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது. வெந்த பாறை மேட்டில் கார்டோன் கள்ளிதான் மரம்போல உயர்ந்து நிற்கும்.

கடலுக்குள் இறங்கினால் நிலைமை வேறு. தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய வழிகளில் ஓதம் வேகமாகப் பாயும்போது, ஆழத்தில் உள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே கிளம்பி வருகிறது. அதில் நுண்பாசி பெருகுகிறது. பாசியை நம்பி மத்தியும் நெத்திலியும், அந்த மீன்களை நம்பிப் பறவைகளும் கடற்சிங்கங்களும் திமிங்கிலங்களும் வாழ்கின்றன. உலகக் கடல் பாலூட்டி இனங்களில் 39 சதவீதம் இந்த வளைகுடாவில் காணப்படுவதாக யுனெஸ்கோ பதிவு செய்திருக்கிறது.

சுற்றுலா விளம்பரங்கள் இவற்றை மனிதக் கை படாத தீவுகள் என்று சொல்வதுண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. தண்ணீர் இல்லாததால் பெரும்பாலான தீவுகளில் ஊர் அமையவில்லை. ஆனால் எடுத்துப் போக வந்தவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. முதலில் முத்துக்கு வந்தார்கள், அடுத்துப் பறவை எச்சத்துக்கு, அதற்கடுத்து முட்டைக்கு. ஒவ்வொன்றும் தீரும் நிலைக்கு வந்த பிறகே காவல் வந்தது.

லா பாஸ் நகருக்கு வடக்கே உள்ள எஸ்பிரிட்டு சாந்தோ தீவில் ஐரோப்பியர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் குகைகளிலும் சிப்பிக் குவியல்களிலும் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் அங்கு இருந்தவர்கள் பெரிக்கூ மக்கள். அவர்களுக்குச் சிப்பி முதலில் உணவு; தீயில் வாட்டித் தின்றதால் உள்ளே இருந்த முத்துகள் கருகிப்போயின. 1533இல் தலைவனைக் கொன்றுவிட்டு வந்த ஒரு ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள், ஃபோர்த்தூன் ஹிமேனெஸ் என்பவனின் தலைமையில் லா பாஸ் விரிகுடாவில் இறங்கினர். அவனும் பலரும் அங்கேயே கொல்லப்பட, தப்பியவர்கள் முத்துச் செய்தியோடு திரும்பினர். அதைக் கேட்டு 1535இல் எர்னான் கோர்த்தேஸ் தானே வந்து குடியேற்றம் ஒன்றை நிறுவினார். உணவும் நீரும் இல்லாமல் அது கைவிடப்பட்டது. முத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் அடுத்த நானூறு ஆண்டுகளுக்கும் அடங்கவில்லை. பெரிக்கூ மக்களோ நோய்களாலும் ஒடுக்குமுறையாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஒரு சமூகமாக இல்லாமலே போனார்கள். முத்தால் வந்த இழப்புகளில் ஈடுகட்டவே முடியாதது அதுதான்.

முத்துக்குளிப்பில் நெடுங்காலம் மூச்சடக்கி மூழ்கியவர்களில் யாக்கி மக்கள் பெரும் பங்கினர். ஒருவரின் மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சிப்பி மேலே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றுக்குழாய் பொருத்திய மூழ்கு உடை வந்ததும் அந்த வரம்பு உடைந்தது. மணிக்கணக்கில் அடியில் நின்று, ஆழப் படுகைகளையும் வழித்தெடுக்க முடிந்தது. சிப்பி குறையத் தொடங்கியது.

இதைக் கண்டு மாற்று வழி தேடியவர் லா பாஸைச் சேர்ந்த காஸ்தோன் விவேஸ். 1903இல் அவர் தொடங்கிய நிறுவனம், எஸ்பிரிட்டு சாந்தோவின் சான் கப்ரியேல் விரிகுடாவில் முத்துச்சிப்பிப் பண்ணை அமைத்தது. கடலில் மிதந்து திரியும் சிப்பிக்குஞ்சுகளைக் கூண்டுகளில் படியவைத்துப் பிடித்து, கரையோரம் கல்லால் கட்டிய வாய்க்கால்களில் வளர்த்தார்கள். ஓதநீர் ஏறும்போதும் வடியும்போதும் வாய்க்கால் வழியே ஓடி இரையைக் கொண்டுவந்தது. சற்று வளர்ந்தவற்றைப் பகைமீன்கள் கடிக்காதபடி கவசக் கூட்டில் இட்டுக் கடற்படுகையில் பரப்பினார்கள். ஜப்பானியர் செய்ததுபோல் மணியைச் செருகி முத்து விளைவிக்கும் முறை இதுவன்று. சிப்பியைப் பெருக்கி, ஓட்டை விற்று, இயற்கையாக விளைந்த முத்தையும் எடுக்கும் திட்டம். உலகில் பேரளவில் நடந்த முதல் முத்துச்சிப்பி வளர்ப்பு முயற்சிகளில் இதற்கு இடமுண்டு. மெக்சிகப் புரட்சியின்போது, 1914இல், படையினர் பண்ணையை அழித்தனர். வாய்க்கால் கற்சுவர்களின் எச்சத்தைச் சான் கப்ரியேலில் இன்றும் காணலாம். தீவுக்குச் செல்பவர்கள் கடற்சிங்கத்தைப் பார்க்கும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவது பெரிய இழப்பு. 1940 வாக்கில் முத்துக்குளிப்புக்கே தடை வந்தது. அதற்குள் படுகைகள் வெறுமையாகியிருந்தன.

வளைகுடாவின் நடுப்பகுதியில் உள்ள ராசா வேறு வகைத் தீவு. 60 ஹெக்டேர் அளவுள்ள தட்டையான எரிமலைப் பாறை. ஹீர்மன் கடற்காகமும், எலிகண்ட் ஆலா என்ற மெல்லிய அலகுடைய ஆலாவும் உலகில் எத்தனை உண்டோ அவற்றில் ஏறக்குறைய 95 சதவீதம் இங்கேதான் முட்டையிடுகின்றன. தலைமுறை தலைமுறையாகப் படிந்த எச்சம் உரமாக விலை போகும் என்று தெரிந்ததும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலியாட்கள் கொண்டுவரப்பட்டனர். எச்சத்தைச் சுரண்ட வசதியாக அவர்கள் கற்களைப் பொறுக்கிக் குவித்தார்கள். அந்தக் கற்குவியல்கள் ஆயிரக்கணக்கில் தீவெங்கும் அப்படியே நிற்கின்றன. வந்துபோன படகுகளிலிருந்து எலிகளும் இறங்கிப் பெருகின.

எச்சம் தீர்ந்ததும் முட்டைக்காரர்கள் வந்தார்கள். பறவைகள் கூடும் பருவத்தில் படகு படகாக முட்டை அள்ளிக் கரையோர ஊர்களில் விற்றார்கள். பாலைவனச் சுரங்க ஊர்களில் கோழிமுட்டை அரிது என்பதால் வாங்க ஆள் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கூடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. லூயிஸ் வெய்ன் வாக்கர் போன்ற இயற்கையியலர்கள் எழுதியும் படம் எடுத்தும் இந்த நிலைமையை வெளியே கொண்டுவந்தனர். 1964இல் மெக்சிக அரசு ராசாவைப் பறவைகளின் சரணாலயமாக அறிவித்தது. காகிதத்தில் வந்த காவல் பாறையில் நிலைபெற, ஆள் தங்க வேண்டியிருந்தது. 1979 முதல் என்ரிகேத்தா வெலார்தே என்ற உயிரியலாளர் ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலத்தில் இங்கு தங்கி ஆய்வு நடத்திவந்தார். 1990களின் நடுவில் எலிகள் முற்றாக ஒழிக்கப்பட்டன. கடற்காகங்கள் மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டின. ஆலாக்கள் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் இரையில் மத்தியின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால், அடுத்து மீன்பிடியில் மத்தி எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்பதும் அவருடைய ஆய்வில் தெரியவந்தது. முட்டையாக மட்டும் விலைபேசப்பட்ட பறவை, மீனவனுக்குக் கடலின் கணக்கைச் சொல்லும் என்று அதுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை.

பிற தீவுகளுக்குக் காவல் சற்று முன்பின்னாக வந்தது. திபுரோன் தீவு 1963இல் காப்பகமாயிற்று. 1975இல் அதன் உரிமை பழங்குடிகளான கொம்காக் மக்களுக்கே திரும்பியது. 1978இல் வளைகுடாவின் எல்லாத் தீவுகளும் பறவை, வனவிலங்குப் புகலிடமாயின. எஸ்பிரிட்டு சாந்தோவில் மட்டும் ஒரு சிக்கல். 1976இல் அந்த நிலம் எஹிதோ எனப்படும் விவசாயக் கூட்டு ஒன்றுக்கு வழங்கப்பட்டிருந்தது. 1992 சட்டத் திருத்தத்தால் அத்தகைய நிலங்களை விற்க வழி பிறந்தது. தீவில் சுற்றுலாக் கட்டடங்கள் முளைக்கும் ஆபத்து வந்தது. பாதுகாப்பு அமைப்புகளும் கொடையாளர்களும் சேர்ந்து திரட்டிய சுமார் 33 லட்சம் டாலரை எஹிதோவுக்கு இழப்பீடாகக் கொடுத்து, 2003இல் தீவு பொதுச்சொத்தாக்கப்பட்டது. விற்றவர்களுக்கும் உரிய விலை கிடைத்த இந்த ஏற்பாடு, ஆணையிட்டுப் பறிப்பதைவிட நியாயமானது. 2005இல் 244 தீவுகளும் கரைப்பகுதிகளும் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2007இல் எஸ்பிரிட்டு சாந்தோவைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாயிற்று.

பார்க்க மட்டும் வருபவர்களின் காலம் இது. 1940இல் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் வாடகைப் படகில் வந்து கரையோர உயிர்களைச் சேகரித்து எழுதிய நூல், இந்தக் கடலைப் பலருக்கு அறிமுகம் செய்தது. இன்று லா பாஸிலிருந்து பங்கா எனப்படும் இயந்திரப் படகுகள் தினமும் புறப்படுகின்றன. எஸ்பிரிட்டு சாந்தோவின் வடமுனையில் உள்ள லோஸ் இஸ்லோட்டஸ் பாறைகளில் சில நூறு கடற்சிங்கங்கள் வாழ்கின்றன. குட்டிகள் நீந்த வருவோரின் கால்துடுப்பைக் கவ்வி இழுத்து விளையாடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குட்டியீனும் பருவம் என்பதால் அங்கு நீந்தத் தடை. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் உண்டு. நாய், பூனை கொண்டுபோகக் கூடாது. அனுமதித்த கரையில்தான் கூடாரம் போடலாம். குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும். கருவுற்ற ஓர் எலி தப்பி இறங்கினாலும் பல ஆண்டு உழைப்பு வீணாகும் என்பதை ராசாவின் வரலாறு காட்டியிருப்பதால் இந்தக் கண்டிப்பு எதுவும் மிகையாகாது.

தீவுக்குக் காவல் உண்டென்பதால் கடலும் தப்பிவிட்டது என்று கொள்ள முடியவில்லை. கடல்நீர் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் மத்தி விலகிப்போக, ராசாவில் பறவைகள் கூட்டை விட்டுப் பறந்துவிடுகின்றன. வளைகுடாவின் வடகோடியில் டோட்டோவாபா மீனின் காற்றுப்பைக்காகத் திருட்டுத்தனமாக விரிக்கப்படும் செவுள்வலைகளில் சிக்கி, வேறெங்கும் இல்லாத வக்கீட்டா என்ற சிறு கடற்பன்றி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அதன் காரணமாக 2019இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளையும் கடற்பரப்பையும் ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.