உப்பு மூட்டையும் கருவாட்டுப் பொதியும்

கண்டி இராச்சியத்தோடு எங்கட முன்னோர் நடத்திய தவள வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உப்பைச் சொல்லாமல் விடுவதில்லை. மலைநாட்டில் உப்பு விளையாது. புத்தளம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து பொதிமாடுகளில் அது மேலேறியது. 1766இல் ஒல்லாந்தர் கண்டியோடு செய்த உடன்படிக்கையிலும் உப்புக்கு ஓர் இடம் இருந்தது. அதே மாடுகள் சுமந்த கருவாடோ கட்டுரைகளில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. புள்ளத்தாச்சிப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் எண்ணம்.

காரணம் அயடீன். வயிற்றுப்பிள்ளையின் தைரொயிட் சுரப்பி சரிவர வேலைசெய்யும் வரைக்கும் அதன் மூளை தாயின் சுரப்பை நம்பியே வளர்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்கிரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையாகக் குறைந்தால் கரு கலையலாம். பிள்ளை காது கேளாமலும் அறிவு வளர்ச்சி குன்றியும் பிறக்கலாம். அப்படிப் பிறந்தால் தாயைத்தான் ஊர் குறைசொன்னது. கிரகண நேரத்தில் வெளியே போனாள், கண்ணூறு பட்டது என்று கதை கட்டியது.

கடல் சூழ்ந்த நாட்டில் எப்படி அயடீன் குறையும் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. வெயிலில் விளையும் கடலுப்பில் அயடீன் மிகச் சொற்பம். அது கிடைப்பது கடல்மீனில். ஆக, தவள மாடுகள் மலைக்குக் கொண்டுபோன அயடீன் உப்பு மூட்டையில் இருக்கவில்லை, கருவாட்டுப் பொதியில்தான் இருந்தது. ஈரவலயத்து மண்ணிலோ காலங்காலமான மழை அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே விளையும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் மிச்சம் கொஞ்சந்தான். 1980களில் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில் 18.8 சதவீதமானோருக்குக் கழுத்துக் கழலை காணப்பட்டது. மிக அதிகம் களுத்துறை மாவட்டத்தில். நமது பழம்பெரும் குடியிருப்பான பேருவளையும் அந்த மாவட்டந்தான்.

உப்பிலேயே அயடீனைக் கலக்கும் வழியைச் சுவிற்சர்லாந்து 1922இல் தொடங்கியது. கடலே இல்லாத அந்த மலைநாட்டில் கழலையோடு பிறக்கும் குழந்தைகள் விரைவிலேயே குறைந்துபோனார்கள். நம் நாட்டில் அது சட்டமானது 1995இல்தான். நமது ஈரக் காற்றைத் தாங்குவது பொற்றாசியம் அயடேற்று என்பதால் அதையே சேர்க்கிறார்கள். புத்தளத்து உப்பு அப்போதுதான் கருவிலிருக்கும் பிள்ளைக்கும் மருந்தானது.

ஆனால் அடுப்படியில் இரண்டு பழக்கங்கள் மிச்சமிருக்கின்றன. ஒன்று, சூரை சூடு, மற்றது கிரந்தி என்று புள்ளத்தாச்சிக்குக் கடல்மீனையெல்லாம் விலக்கிவைப்பது. குளத்து மீனில் புரதம் உண்டு, அயடீன் அந்தளவுக்குக் கிடையாது. மற்றது, கல்லுப்பை அலசிச் சட்டியில் போட்டு வைப்பது. எங்கட மூத்தம்மாமார் காலத்தில் உப்பில் மண் இருந்தது, அலசினார்கள். இன்றைய கல்லுப்பில் அயடேற்று ஒட்டியிருப்பது கல்லின் மேற்புறத்தில். அலசுகிற முதல் தண்ணியோடேயே அது போய்விடும்.