1346-க்கு ஒரு ரோல்பேக்: கொள்ளைநோய்க்குப் பிறகு வந்த கூலிச் சட்டம்

இன்னைக்கு 1349-ஆம் வருஷ இங்கிலாந்துக்குப் போகப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், 2020 மே மாசம், பெங்களூரு.

லாக்டவுன். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து நாள் முழுக்க மீட்டிங்ல இருந்தேன். பால்கனிக்கு எதிரே பாதியில நின்னுபோன ஒரு அபார்ட்மென்ட். அதைக் கட்டிக்கிட்டிருந்த வெளிமாநில ஆட்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஊருக்குப் போக ரயில் விடப் போறாங்கன்னு மூட்டை கட்டி வச்சிருந்தாங்க. மே 5-ஆம் தேதி முதலமைச்சர் எடியூரப்பா பெரிய பில்டர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அதைத் தொடர்ந்து, தொழிலாளர்களுக்காகக் கேட்டிருந்த சிறப்பு ரயில்கள் வேண்டாம்னு கர்நாடக அரசு ரயில்வேக்குச் சொல்லிடுச்சு. கட்டுமான வேலை மறுபடி ஆரம்பிக்குது, ஆள் வேணும், அதனால யாரும் ஊருக்குப் போகத் தேவையில்லை. அவ்வளவுதான். கண்டனம் கிளம்பி, இரண்டே நாளில் அந்த முடிவை மாத்திக்கிட்டாங்க. ஆனாலும் எனக்கு அது மனசை விட்டுப் போகவே இல்லை. உலகமே தலைகீழான நேரத்துல ஒரு அரசுக்கு முதல்ல தோணுறது, ஆள் நகரக் கூடாதுங்கறதா? அதைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சுத்தான் 1349-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

1348 கோடையில் தெற்குக் கரையில் இருக்கும் மெல்கம் ரெஜிஸ் என்ற சின்னத் துறைமுகம் வழியாக பிளேக் இங்கிலாந்துக்குள் வந்தது. கறுப்பு மரணம்னு பின்னாடி பேர் வந்தது இதுக்குத்தான். ஒன்றரை வருஷத்தில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை செத்துப்போனார்கள். 1349 ஜனவரியில் கூட வேண்டிய நாடாளுமன்றத்தைக்கூடக் கூட்ட முடியவில்லை. அந்த நிலைமையில, நோய் இன்னும் ஓயாத 1349 ஜூன் 18-ஆம் தேதி, மூன்றாம் எட்வர்ட் ராஜா ஒரு அவசர ஆணை போடுகிறார். வைத்தியத்தைப் பற்றியோ, அனாதையான குழந்தைகளைப் பற்றியோ இல்லை. கூலியைப் பற்றி.

60 வயசுக்கு உட்பட்ட, உடம்பில் தெம்பு இருக்கிற, சொந்தமா நிலமோ தொழிலோ இல்லாத ஆணும் பெண்ணும், கூப்பிட்டால் வேலைக்குப் போகணும். கூலி எவ்வளவு? ராஜாவின் ஆட்சிக்கு இருபதாவது வருஷத்தில், அதாவது 1346-ஐ ஒட்டி, என்ன வழக்கமோ அவ்வளவுதான். பேசிய தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சிறை. தெம்பு உள்ள பிச்சைக்காரனுக்கு யாரும் தானம் பண்ணக் கூடாது, பண்ணினால் அவன் வேலைக்கு வர மாட்டான். கசாப்புக்காரரும் ரொட்டி சுடுபவரும் நியாயமான விலைக்கு விற்கணும்னும் ஒரு பிரிவு இருந்தது. பின்னாடி நடந்த வழக்குகளைப் பார்த்தா, எது மேல அதிக அக்கறை இருந்ததுன்னு தெரிஞ்சிடும்: கூலி மேலதான்.

நம்ம பாஷையில சொன்னா, இது ஒரு ரோல்பேக். ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா, கடைசியா ஒழுங்கா ஓடின வெர்ஷனுக்குத் திரும்பிப் போவோம் இல்லையா, அதே மாதிரி. ஆனா 1346 யாருக்கு ஒழுங்கா ஓடுச்சு? பிளேக்குக்கு முன்னாடி இங்கிலாந்தில் ஆள் அதிகம், நிலம் கம்மி. 1315-லிருந்து 1317 வரை பெரிய பஞ்சம். நிலச் சொந்தக்காரருக்கு மலிவாக ஆள் கிடைத்தார்கள், கூலிக்காரருக்கு வயிறு நிறையவில்லை. பிளேக்குக்குப் பிறகு அந்தக் கணக்கு திரும்பிப் போச்சு. கதிர் முற்றி நிற்குது, அறுக்க ஆள் இல்லை. ஒரு ஊர்ல குறைச்சுக் கொடுத்தா அடுத்த ஊர்ல கூட்டிக் கொடுக்கறாங்க. உயிர் பிழைத்தவனுக்கு முதல்முறையாக பேரம் பேசும் இடம் கிடைத்தது.

1351-ல் நாடாளுமன்றம் கூடி அந்த ஆணையை முழுச் சட்டமாக்கியது. அதைப் படிச்சா ஒரு ரேட் கார்டு மாதிரி இருக்கும். புல் அறுப்பவருக்கு நாளுக்கு 5 பென்ஸ். கதிர் அறுப்பவருக்கு ஆகஸ்ட் முதல் வாரம் 2 பென்ஸ், அடுத்த வாரம் 3. சாப்பாடு, குடி எதுவும் கேட்கக் கூடாது. களை எடுக்க 1 பென்னி. தலைமைத் தச்சருக்கு 3. உழவு ஆட்களை வருஷக் கணக்கில்தான் அமர்த்தணும், நாள் கூலிக்கு அமர்த்தக் கூடாது. ஏன்னா நாள் கூலிக்காரன் நாளைக்கு வேற இடத்துக்குப் போயிடலாம். வேலை தேடுபவர் கருவியைக் கையில் வெளிப்படையாக எடுத்துக்கொண்டு சந்தை ஊருக்கு வந்து, பொது இடத்தில்தான் வேலைக்குச் சேரணும். மறைவா பேசினா கூலி ஏறிடுமே! இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன்னு வருஷத்துக்கு இரண்டு தடவை சத்தியம் வேற. மறுத்தால் காலை இரண்டு பலகைக்கு நடுவே பூட்டி வைக்கும் தண்டனை. 1361-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஓடிப்போன தொழிலாளியின் நெற்றியில் எஃப் என்ற எழுத்தைச் சூட்டுக்கோலால் போடலாம்னு எழுதி வச்சாங்க.

விசாரிக்கும் நீதிபதிகள் யார்? பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்து நிலக்காரர்கள், அதாவது கூலி கொடுக்கும் அதே ஆட்கள். கூலி அதிகம் வாங்கினதுக்காக வசூலித்த அபராதப் பணத்தை, அந்தப் பகுதி கட்ட வேண்டிய வரியில் சில வருஷம் கழித்துக்கொண்டார்கள். எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பதா கோபப்படுவதான்னு தெரியல.

சரி, சட்டம் வேலை செஞ்சதா? ‘மார்க்கெட் எல்லாத்தையும் பார்த்துக்கிச்சு, சட்டம் தோத்துப்போச்சு’ன்னு யூடியூப் வீடியோக்கள்ல வேகமா சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது பாதி உண்மை. கூலி ஏறியது. ஆனா விலைவாசியும் கூடவே ஏறியது. கையில் வந்த காசுக்கு உண்மையிலேயே அதிகம் வாங்க முடிந்தது, 1370-களின் பின்பாதியில் தானிய விலை இறங்கிய பிறகுதான். கிட்டத்தட்ட 25 வருஷம்! பிளேக்கில் தப்பித்த 20 வயசுக்காரருக்கு அப்போ 45 வயசு. அதுக்குள்ள 1361, 1369, 1375-னு நோய் திரும்பத் திரும்ப வந்தது. பொருளாதார வரைபடத்துல இந்த 25 வருஷம் ஒரு சின்னக் கோடு. வாழ்ந்தவங்களுக்கு அது முழு வாலிபம்.

இடையில், 1363-ல், யார் என்ன உடுத்தலாம்னு ஒரு சட்டம். உழவரும் வண்டிக்காரரும் முரட்டுக் கம்பளித் துணியைத் தாண்டி உடுத்தக் கூடாது. இதைச் சீக்கிரமே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனா பணக்காரங்களுக்கு எது உறுத்துச்சுன்னு காட்டிக் கொடுக்குது.

கடைசியில் வெடித்தது 1381-ல். பிரான்ஸோட நடந்த சண்டைக்குப் பணம் வேணும்னு, 15 வயசுக்கு மேற்பட்ட எல்லார் மேலேயும் தலைக்கு 12 பென்ஸ் வரி. எசெக்ஸ், கென்ட் பக்கத்து மக்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். போற வழியெல்லாம் பண்ணைகளின் நீதிமன்றச் சுவடிகளை எரித்தார்கள். யார் அடிமைக் குடி, யார் எத்தனை நாள் இலவசமா உழைக்கணும்னு எழுதியிருந்த ஆவணங்கள் அவை. டேட்டாபேஸையே அழிச்சுட்டாங்கன்னு சொல்லலாம். ஜூன் 14-ஆம் தேதி மைல் எண்ட் மைதானத்தில், 14 வயசு ராஜா இரண்டாம் ரிச்சர்டிடம் நேருக்கு நேர் கேட்டவற்றில் ஒன்று இது: பண்ணையடிமை முறை ஒழியணும், யாரும் தன் விருப்பத்தோட, முறையா ஒப்பந்தம் பேசிக்கிட்டுத்தான் இன்னொருத்தருக்கு வேலை செய்யணும். 1349 ஆணைக்குச் சொன்ன நேரடி பதில் அது. ராஜா சரின்னார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். சில வாரத்தில் வாக்குறுதிகளும் ரத்து. 1388-ல், ஊரை விட்டுப் போகிற தொழிலாளி முத்திரை போட்ட கடிதம் வச்சிருக்கணும்னு புதுச் சட்டம். நமக்கு 2020-ல் இ-பாஸ் ஞாபகம் வருது இல்ல?

ஆள் குறைந்தாலே கூலி ஏறிவிடும்னும் நினைக்க வேண்டாம். எகிப்திலும் அதே பிளேக்கில் ஏராளமானோர் செத்தார்கள். அங்கே விவசாயம் நைல் நதிக் கால்வாய்களை நம்பியது. அதைத் தூர்வார ஊர் ஊராக ஆள் வேணும். ஆள் இல்லாம கால்வாய் தூர்ந்தது, விளைச்சல் விழுந்தது. மம்லுக் ஆட்சியில் நில வருமானத்தை அனுபவித்தவர்கள் மிச்சமிருந்த குடியானவரை இன்னும் அதிகமாகப் பிழிந்தார்கள். அதே நோய், ஆனா பிழைத்தவருக்கு அங்கே பேரம் பேசும் இடம் கிடைக்கவில்லை. அதை அடுத்த எபிசோடுல விரிவா பேசலாம்.

இங்கிலாந்தில், அடக்கினவங்க ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சாலும், ஆள் கிடைக்காத நிலக்காரர் ஒவ்வொருவராக இறங்கி வந்தார். சட்டத்துக்குப் பயந்து காசாகக் கூட்டித் தராமல், சாப்பாடாகத் தந்தவர்களும் உண்டு. நார்ஃபோக்கில் செட்ஜ்ஃபோர்ட் என்ற பண்ணையின் அறுவடைக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் ஆட்களுக்குப் போட்டது பெரும்பாலும் வாற்கோதுமை ரொட்டி, இறைச்சி கொஞ்சம்தான். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் கோதுமை ரொட்டி, தாராளமா பியர், இறைச்சி. வில்லியம் லாங்லேண்ட் எழுதிய பியர்ஸ் பிளவ்மன் என்ற அந்தக் காலத்துக் காவியத்தில், இந்தக் கூலிக்காரங்க நேத்து வச்ச காய்கறியைத் தொட மாட்டேங்கறாங்க, சூடா இறைச்சியும் மீனும் கேட்கறாங்கன்னு ஒரு புலம்பல் வரும். கவிதையில் திமிராகத் தெரிந்த அதே தட்டு, பண்ணைக் கணக்கில் வெறும் ஒரு செலவு வரி.